பெரியப்பாவின் சாக்கெட் பெட்டி

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பாவின் புல்லட்டில் சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட்டின் நட்டு ஒன்றை மழுங்கடித்துவிட்டேன். 13 நம்பர் சாக்கெட் அதன் தலையில் இறங்கவில்லை. (சாக்கெட் என்பது கைப்பிடியில் மாட்டி நட்டைக் கவ்வித் திருகும் தலை; நம்பர் அதன் வாயின் மி.மீ. அளவு.) 14 இறங்கியது, கொஞ்சம் ஆட்டத்தோடு. "போட்டு இழு, வந்துரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இழுத்தேன். ஒரு சத்தம், ஒரு வழுக்கல், ஆறு மூலையும் போய் நட்டு உருண்டையாகிவிட்டது. கடைசியில் உளி வைத்து வெட்டித்தான் எடுத்தோம். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு ஆனது.

அன்று சாயங்காலம் சாமானை எடுத்து வைக்கும்போது, பெட்டியின் அடித்தட்டில் கிரீஸ் பிடித்த ஒரு துணிச்சுருளுக்குள் சரியான சாக்கெட் கிடைத்தது. 1/4 டபிள்யூ என்று பொறித்திருந்தது. காலை முழுக்க அது எங்களிடமிருந்து இரண்டடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. "இது இருக்குன்னே மறந்துட்டேன்டா" என்றார் பெரியப்பா. நாற்பது வருஷம் வண்டித் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர் அவர். அவருக்கே மறக்கிறது என்றால் கோளாறு அவருடைய நினைவில் இல்லை, பெட்டியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெட்டியைச் சரிசெய்ய ஒன்றரை வருஷம் எடுத்தது. முதல் முயற்சி தோற்றது. இரண்டு முயற்சியையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெட்டி இருந்த நிலை

வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். அங்கே ஒரு பழைய புல்லட், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், அண்ணனின் மாருதி கார், கிணற்று மோட்டார் என்று நாலு வகை வேலை நடக்கும். சாக்கெட்டுகள் மூன்று இடத்தில் கிடந்தன. எல்லோர் வீட்டிலும் இருக்கிற மாதிரி விரித்தால் படிப்படியாகத் திறக்கும் அஞ்சு தட்டு டூல் பாக்ஸ் ஒன்று, ஒரு பிஸ்கட் டப்பா, ஜன்னல் விளிம்பு.

எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் கொட்டி எண்ணினோம். மொத்தம் 71. டிரைவ் என்பது கைப்பிடி மாட்டுகிற சதுரத் துளையின் அளவு: அரை இன்ச் டிரைவ் 38, மூணெட்டு (3/8 இன்ச்) டிரைவ் 14, கால் இன்ச் டிரைவ் 19. 17 நம்பர் மட்டும் நாலு. 19 மூன்று. ஆனால் வண்டி வேலையில் அதிகம் தேவைப்படும் 10 நம்பர் ஒன்றே ஒன்று, அதுவும் கால் இன்ச்சில். எம்6 போல்ட்டின் (தடிமன் 6 மி.மீ.) தலை 10 மி.மீ. கவர், கிளாம்ப், பேட்டரி டெர்மினல் என்று வண்டியில் கை வைக்கிற இடமெல்லாம் அந்த அளவுதான். அதிகம் வெளியே எடுக்கிற சாக்கெட்தான் அதிகம் தொலைகிறது. 17 நாலு சேர்ந்ததற்குக் காரணமும் அதுவே: ஒவ்வொரு தடவை கிடைக்காதபோதும் ஹார்ட்வேர்ஸ் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

சாக்கெட் தொலைவது அதன் பிறப்பிலேயே இருக்கிற குணம். ரிங் ஸ்பேனர் முழு ஆள். கையும் தலையும் சேர்ந்தே இருக்கும், எங்கே கிடந்தாலும் கண்ணில் படும். சாக்கெட் வெறும் தலை. 1920இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஜோசப் ஜான்சன் என்பவர் ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட் என்று கழற்றி மாட்டுகிற செட்டை விற்க ஆரம்பித்தார். அதுதான் ஸ்னாப்-ஆன் கம்பெனியின் தொடக்கம். ஐந்தும் பத்தும் சேர்ந்து ஐம்பது ஸ்பேனர் வேலையைச் செய்யும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கையை விட்டுப் பிரிந்த தலைக்குத் தனியாக ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைப் பெரும்பாலும் நாம் கட்டுவதே இல்லை. கடையில் வரும் பிளாஸ்டிக் பெட்டியின் பள்ளங்களை நம்பி விட்டுவிடுகிறோம். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாள் முதல் வருஷமே உடையும்.

அளவுகளின் குழப்பம்

இந்த ஷெட்டின் தனிக் கஷ்டம் அளவு முறைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நட்டு மழுங்கியது இதனால்தான்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே, இதே திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை. அடுத்த வருஷம், 1956இல், எடை அளவுச் சட்டம் வந்து நாடு படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறியது. ஆனால் புல்லட் இங்கிலாந்து வரைபடத்தில் பிறந்த வண்டி. அதன் மரைகள் இன்ச் மரைகளாகவே ரொம்ப காலம் தொடர்ந்தன. அதில் விட்வொர்த் குடும்பத்து நட்டுகளும் உண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த முறை அது.

டபிள்யூ என்று போட்ட விட்வொர்த் சாக்கெட்டில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அளவு இல்லை. நட்டுக்குள் போகிற போல்ட்டின் தடிமன் அது. 1/4 டபிள்யூ என்றால் கால் இன்ச் போல்ட்டுக்கானது என்று பொருள்; வாய் 13.3 மி.மீ. இருக்கும். ஏஎஃப் என்று போட்ட சாக்கெட்டிலோ எண்தான் வாய். 1/2 ஏஎஃப் என்றால் வாய் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. ஆக கால் என்று எழுதியது அரை என்று எழுதியதை விடப் பெரிது. இவற்றை மெட்ரிக்கோடு ஒரே தட்டில் கொட்டி வைத்தால் கை எதை எடுக்கும்? 13 இறங்காது, 14 ஆடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 13.3 துணிச்சுருளில் தூங்கும்.

மெட்ரிக்குக்குள்ளும் இரண்டு ஊர் வழக்கம் இருக்கிறது. மாருதி மாதிரி ஜப்பானிய வழி வண்டிகளில் எம்8 போல்ட்டின் தலை 12, எம்10இன் தலை 14. கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் எம்8இன் தலை 13, எம்10 என்றால் 17, புது அளவில் 16. அதனால் காருக்கு 12உம் 14உம், மோட்டாருக்கும் கேட்டுக்கும் 13உம் 17உம். மெட்ரிக் செட் முழுசாக இருந்தும் பாதி சாக்கெட்டை ஏன் தொடுவதே இல்லை என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

கழித்தது

வெர்னியர் வைத்து எல்லா வாயையும் அளந்தோம். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்தோம். ஏழு சாக்கெட்டை வெளியே போட்டோம். இரண்டில் மயிரிழை விரிசல், மூன்றில் வாய் அகன்றுவிட்டது, இரண்டில் குரோம் தோல் உரிந்து பிளேடு மாதிரி நின்றது. குரோம் உரிந்ததை அவர் தூக்கிப்போட மனம் வராமல் ரெண்டு தடவை திரும்ப எடுத்து வைத்தார். விரல் கிழிந்தால் ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்போம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது.

முதல் முயற்சி

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தில் ஃபோம் வெட்டி வைக்கும் முறை உண்டு. எடுத்தால் அந்த இடம் குழியாகத் தெரியும். ஷிப்ட் முடியும்போது ஒரு பார்வையில் கணக்கு முடிந்துவிடும். அதையே இங்கே கொண்டுவந்தேன். செப்டம்பரில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து, டிவி பெட்டியோடு வந்த வெள்ளை ஸ்பாஞ்சில் 64 வட்டம் வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அது மூன்று வழியில் தோற்றது.

ஒன்று, ஸ்பாஞ்ச். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி மழையின் ஈரமும் சேர்ந்து அதற்குள் இறங்கின. டிசம்பர் 4 மிக்ஜாம் மழையில் ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பெட்டி செங்கல் மேல் இருந்ததால் தண்ணீர் தொடவில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்துத் திறந்தால், ஒவ்வொரு சாக்கெட்டின் இடுப்பிலும் மோதிரம் போட்ட மாதிரி செந்துரு. தவறு ஃபோம் முறையில் இல்லை. நான் எடுத்த பொருளில்தான். தொழிற்சாலையில் பயன்படுத்துவது காற்றறைகள் தனித்தனியாக மூடிய ஃபோம், செருப்புக் கடையில் அட்டையாகக் கிடைக்குமே, அந்த இனம். அது தண்ணீரைக் குடிக்காது. நான் வைத்தது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சின் இனம்.

இரண்டு, கண். குழிக்குள் புதைந்த சாக்கெட்டின் எண் தெரியாது. கண் புரை ஆபரேஷன் ஆன பெரியப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தேடும் நேரம் முன்பை விடக் கூடியது.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. அவர் சாக்கெட்டை பெட்டியிடம் போய் எடுப்பவர் இல்லை. ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் தரையில் பரப்பி உட்காருவார். ஃபோம் தட்டில் அசையாமல் இருந்தது, சாக்கெட்டுகள் பழையபடி தரையில் உருண்டன. "நீ உன் கம்பெனிக்கு செஞ்சிருக்க. எனக்கு செய்யலடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

இடையில் பார்த்த மற்ற வழிகள்

கிளிப் வைத்த ரெயில் ஒன்று வாங்கிப் பார்த்தோம். இழுப்பறைக்கு நல்லது, இடம் சேமிக்கும். ஆனால் கிளிப்பின் இறுக்கம் முதிய விரலுக்கு அதிகம், சில மாதத்தில் தளர்ந்தால் ரெயிலைத் தூக்கும்போதே சாக்கெட் கொட்டும். காந்தப் பட்டையையும் பார்த்தோம். பக்கத்திலேயே கிரைண்டர் ஓடும் ஷெட்டில் அது வேண்டாம். இரும்புத் தூள் சாக்கெட்டின் வாய்க்குள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அதோடு நட்டில் மாட்டினால் மூலை தேயும்.

இரண்டாவது முயற்சி

2024 பொங்கல் விடுமுறையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் வரையவில்லை, அவர் சொல்ல நான் செய்தேன். அலமாரி வேலையில் மீந்த 19 மி.மீ. பிளைவுட் இருந்தது. அதில் துளை போட்டு, குச்சி மாதிரி கம்பி நட்டு, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சாக்கெட்டை மாட்டி நிறுத்துவது. அரை இன்ச் டிரைவின் சதுரத் துளை 12.7 மி.மீ. என்பதால் 12 மி.மீ. அலுமினியக் கம்பி லேசாக இறங்கும். மூணெட்டுக்கு 8, கால் இன்ச்சுக்கு 6. கம்பி 14 மி.மீ. மட்டும் வெளியே நீட்டியிருந்தால் போதும். உயரம் கூடினால் சாக்கெட்டை எடுக்க மணிக்கட்டைத் தூக்க வேண்டும்.

இப்படி வைத்தால் சாக்கெட்டின் வாய் மேலே பார்க்கும். தூசி விழும் என்று நான் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். நட்டைப் பார்த்த கண் எண்ணைத் தேடாது, அதே அளவு வாயைத்தான் தேடும் என்றார். சோதித்துப் பார்த்தோம். ஒரு நட்டைக் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பத்தில் ஒன்பது தடவை எண்ணைப் படிக்காமலே சரியானதை எடுத்தார். தூசிக்கு மூடி போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

இடைவெளிதான் நேரம் எடுத்த வேலை. சாக்கெட்டின் எண்ணை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது, வெளிவட்டத்தை வைத்து ஒதுக்க வேண்டும். அரை இன்ச்சில் 10 நம்பரின் உடம்பே 22 மி.மீ. தடிமன், ஏனென்றால் டிரைவ் பக்கம் அவ்வளவு வேண்டும். 32 நம்பர் 43 வந்தது. நடுவில் விரல் நுழைய 8 மி.மீ. விட்டோம். முதலில் 5 விட்டு ஒரு பலகையை வீணாக்கினோம்.

கம்பியின் அடியில், சாக்கெட் உட்கார்ந்தால் மறைந்துவிடும் அளவுக்கு, சிவப்பு எனாமலில் ஒரு வட்டம் தீட்டினேன். சாக்கெட் இல்லையென்றால் சிவப்பு தெரியும். பெரியம்மா காபி கொண்டுவந்தபோது எதுவும் மாட்டாத பலகையைப் பார்த்து, "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டியா" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சாக்கெட் காணோம் என்றால் "பொட்டு தெரியுது" என்றுதான் சொல்கிறார்கள்.

வரிசை பற்றித்தான் பெரிய வாக்குவாதம். அளவு வாரியாக ஒரே வரிசை என்பது என் கட்சி. வண்டி வாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது அவருடையது. "புல்லட்டுக்கு ஒண்ணு, காருக்கு ஒண்ணு. எனக்கு அது போதும்." வண்டி வாரியாகப் பிரித்தால் ஒரே 14 இரண்டு இடத்தில் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உபரியாகக் கிடந்த 17களும் 19களும் ஞாபகம் வந்தன. இரட்டைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அளவு வாரிப் பலகை ஷெட்டில் இருக்கட்டும். இரட்டைகளோடு புதிதாக வாங்கிய ஒரு 10உம் சேர்த்து 10, 12, 14, 17, 19 என்று ஐந்தை மட்டும் மாட்டிய ஒரு சாண் நீளப் பலகை காரின் டிக்கியில் போகட்டும். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்று ஆனது.

இன்ச் சாக்கெட்டுகளுக்குத் தனிப் பலகை, அதன் முகப்பு முழுக்க மஞ்சள். மெட்ரிக்கோடு கலக்கவே முடியாது. அதில் பொறித்த எண்ணைப் பார்க்காமல் உண்மையான வாய் அளவில் ஏறுவரிசை வைத்தோம்: 7/16 ஏஎஃப் 11.1, 3/16 டபிள்யூ 11.3, 1/2 ஏஎஃப் 12.7, 1/4 டபிள்யூ 13.3, 9/16 ஏஎஃப் 14.3, 5/16 டபிள்யூ 15.2, 5/8 ஏஎஃப் 15.9, 3/8 டபிள்யூ 18.0, 3/4 ஏஎஃப் 19.05. ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் பெயர், கீழே மி.மீ. இந்த வரிசையை எழுதி முடித்ததும் பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக விரலில் இருந்த அறிவு அப்போதுதான் அவர் கண்ணுக்கு வந்தது என்று நினைக்கிறேன். 1/4 டபிள்யூ இருக்கும் கம்பியைத் தொட்டு, "அன்னிக்கு இது இங்க இருந்திருந்தா" என்று மட்டும் சொன்னார்.

பலகைகளுக்கு மேலே வாளியின் பிடி மாதிரி ஒரு கைப்பிடி. தூக்கிக்கொண்டு போய் வண்டிப் பக்கத்தில் வைக்கலாம், தரையில் பரப்ப வேண்டியதில்லை. வேலை முடிந்தால் மூன்று பலகையும் பாட்டி காலத்து டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அதில் ஒரு சின்ன டப்பாவில் கற்பூரம். இது அவருடைய தொழிற்சாலைக் காலத்துப் பழக்கம்: கற்பூரம் மெல்ல ஆவியாகி இரும்பின் மேல் படிந்து துருவைத் தள்ளிப்போடும். மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும், தீர்ந்ததும் மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதை அது ஈடுகட்டாது. இரண்டும் வேண்டும்.

ஒரு மழைக்காலம் கழித்து

2024 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு முழு மழைக்காலம் போனது. 2025 பொங்கலுக்கு எடுத்து எண்ணினோம். ஷெட்டில் இருக்க வேண்டியது அத்தனையும் இருந்தது. துரு இரண்டில், கால் இன்ச் டிரைவ் பலகையில். அந்தப் பலகையை ஒரு வாரம் டிரங்குக்கு வெளியே மறந்துவிட்டதாக அவரே சொன்னார்.

தீராதவையும் இருக்கின்றன. ஸ்பார்க் பிளக் கழற்றும் உயரமான சாக்கெட்டுகள் 14 மி.மீ. கம்பியில் நிற்பதில்லை, பலகையைத் தூக்கினால் சாய்கின்றன. இப்போதைக்கு பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, அதில் படுக்கவைத்திருக்கிறோம். எக்ஸ்டென்ஷன் ராடும் யூனிவர்சல் ஜாயிண்டும் இன்னும் அஞ்சு தட்டுப் பெட்டியிலேயே கிடக்கின்றன. 6 மி.மீ. கம்பிகளில் மூன்று வளைந்துவிட்டன. அங்கே ஸ்டீல் வைத்திருக்க வேண்டும்.

அதற்குள் ஒரு புதுச் சிக்கல் வந்தது. சிவப்பு தெரிந்தால் சாக்கெட் இல்லை என்று தெரிகிறது, யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் பெரியப்பாவிடம்தான் ஸ்பேனர் வாங்க வருவார்கள். அவர் யாரையும் இல்லையென்று அனுப்பியதில்லை. முன்பு சாக்கெட்டுகள் காணாமல் போனதில் பெரும்பங்கு இதுதான் என்று இப்போது இருவருக்கும் புரிகிறது.

இதற்கு வழி சொன்னதும் அவர்தான். அவருடைய தொழிற்சாலையின் டூல் ஸ்டோரில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் தருவார்களாம். கருவியை வாங்கும்போது வில்லையைக் கொடுக்க வேண்டும், கருவி இருந்த ஆணியில் அது தொங்கும். ஷெட்டில் கிடந்த பித்தளைத் தகட்டை வெட்டி பன்னிரண்டு வில்லை செய்து, கம்பியில் நுழையும்படி துளையிட்டு, தெருக்காரர்களின் முதலெழுத்தை ஆணியால் தட்டித் தட்டிப் பொறித்திருக்கிறார். போன ஞாயிறு நான் போனபோது 14இன் கம்பியில் ஒரு வில்லை மாட்டியிருந்தது. "எதிர்வீட்டுத் தம்பி. சாயங்காலம் கொண்டாந்துருவான்" என்றார். ஏழு மணிக்கு அந்தப் பையன் வந்தான். சாக்கெட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு, வில்லையைத் தானே கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் போனான்.